கத்தி மழுங்கினால் கையைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்திகள் தோட்டங்களில் வீணாகிப் போவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். புதுக் கத்தி கொடுத்தாலும் கொஞ்ச நாளில் பாழாக்கிவிடுகிறார்கள், எந்நேரமும் அரத்தைப் போட்டு இழுத்தே கத்தியைத் தேய்த்துவிடுகிறார்கள், பேணத் தெரியவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். தோட்ட நிர்வாகத்தில் நீண்ட காலம் இருந்தவர் என்று தெரிகிறது, அந்த அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் சொல்லும் காரணம் தவறு. ஹட்டன் பக்கம் ஒரு பயிற்சிப் பட்டறையில் பிள்ளைகளுக்கு உலோக வேலை சொல்லிக் கொடுப்பவன் நான். கவ்வாத்து வெட்டுகிறவர்கள் எங்களிடம் கத்தியைக் கொண்டுவந்து "இது என்னங்க சேர், வெட்ட வெட்ட வாய் மடங்குது" என்று காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது புலம்பல் இல்லை, அளந்து பார்க்கக்கூடிய ஒரு விஷயம். அதை யாரும் அளப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் மழுங்கிய கத்தி ஒன்றைக் கையில் எடுத்து, வெயிலைப் பார்த்துப் பிடித்து, வாயை நேர்க்கோட்டில் பாருங்கள். நல்ல கூர் இருக்கும் இடத்தில் கோடே தெரியாது, வெளிச்சம் அங்கே நிற்க இடமில்லை. மழுங்கிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று மினுங்கும். அந்த இடத்தில் நகத்தை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள், பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கமும் அப்படியே. ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் நகம் மாட்டினால், அந்த வாய் தேய்ந்து போகவில்லை, மடிந்திருக்கிறது. வாசகர் இந்த வித்தியாசத்தைத்தான் கவனிக்கவில்லை. தேய்வது பாவனையால் வருவது, எந்தக் கத்திக்கும் வரும். தேயிலை வாதை, அதாவது கிளையை, வெட்டும்போதே வாய் மடிகிறது என்றால் அந்த இரும்பு அந்த வேலைக்குப் போதாது. வெட்டுகிறவர் எவ்வளவு பக்குவமாகப் பிடித்தாலும் மடியத்தான் செய்யும்.

ஏன் மடிகிறது, மடிந்தது ஏன் திரும்பி நிமிர்வதில்லை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொறுமையாக வாசியுங்கள், கத்தியின் முழுக் கதையும் இதற்குள்தான் இருக்கிறது.

இரும்பு, செம்பு, பித்தளை எல்லாமே உள்ளுக்குள் பளிங்குகள்தான். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பளிங்குகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, ஒவ்வொன்றுக்குள்ளும் அணுக்கள் அணிவகுத்து அடுக்கடுக்காக இருக்கின்றன. கத்தியை லேசாக வளைத்துவிட்டால் அணுக்கள் தங்கள் இடத்திலிருந்து துளி விலகி, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும். நல்ல கத்தி அலகு வளைந்து நிமிர்வது இப்படித்தான். விசை ஒரு எல்லையைத் தாண்டினால் ஒரு அடுக்கு பக்கத்து அடுக்கின் மேல் சறுக்கி, ஒவ்வொரு அணுவும் அடுத்த அணுவின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்த பிறகு புது இடமும் பழைய இடமும் அதற்கு ஒன்றுதான், திரும்பிப் போக ஒரு காரணமும் இல்லை. நிரந்தரமாக உருமாறுவது என்றால் இதுதான். உலோகம் உடையவில்லை, கிழியவில்லை, அடுக்குகள் இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். உப்புக்கல்லைச் சுத்தியலால் அடித்தால் நொறுங்குகிறது, செம்பை அடித்தால் தட்டையாகிறது, ஏனென்றால் செம்பில் அடுக்குகள் சறுக்கிய பிறகும் அணுக்களுக்கு இடையிலான பிடி விட்டுப் போவதில்லை.

சரி, ஒரு அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் சறுக்க எவ்வளவு விசை வேண்டும்? ரஷ்ய விஞ்ஞானி ஃபிரெங்கெல் 1926இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வந்த விடை நிஜ உலோகத்தோடு பொருந்தவே இல்லை. கணக்குப்படி சுத்தமான உலோகப் பளிங்குக்கு எவ்வளவு பலம் இருக்க வேண்டுமோ, நிஜத்தில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் அது சறுக்கிவிடுகிறது. அப்படியானால் உள்ளே ஏதோ ஒரு குறை இருந்தே ஆக வேண்டும். 1934இல் ஜி. ஐ. டெய்லர், எகோன் ஓரோவான், மைக்கேல் பொலானி என்ற மூன்று பேர், தனித்தனியாக, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அதற்கு விளக்கம் சொன்னார்கள். பளிங்குக்குள் அணு வரிசை ஒன்று பாதியில் முடிந்துபோகும் இடங்கள் இருக்கின்றன, அந்தக் குறை கோடு மாதிரி உள்ளே ஓடுகிறது, டிஸ்லொகேஷன் என்று பெயர். அடுக்கு முழுவதும் ஒன்றாகச் சறுக்கத் தேவையில்லை, இந்தக் கோடு மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்து போனால் போதும், முடிவில் அடுக்கு ஒரு படி சறுக்கியிருக்கும். கொழுந்து மடுவத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் ஈரப் படங்கை முழுவதாக இழுத்தால் நகராது, ஒரு முனையில் மடிப்பு ஒன்றை எழுப்பி அந்த மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே போனால் படங்கு முழுவதும் ஒரு சாண் நகர்ந்துவிடும், அதே வேலைதான் அங்கே நடக்கிறது. சொன்னது கணக்காகவும் ஊகமாகவும் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. 1956இல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ், ஹோர்ன், வீலன் ஆகியோர் மெல்லிய அலுமினியத் தகட்டை எலெக்ட்ரோன் நுணுக்குக்காட்டியில் வைத்து, அந்தக் கோடுகள் நகர்வதைக் கண்ணாலேயே பார்த்தார்கள்.

இது தெரிந்தால் கத்திக்குப் பதம் ஏற்றுவது என்றால் என்னவென்று தெரிந்துவிடும். அந்தக் கோடுகள் ஓடாமல் மறிப்பது. உலோகத்தைக் கடினமாக்கும் எல்லா வழியும், எனக்குத் தெரிந்தவரை, சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது.

ஒரு வழியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கட்டுக்கம்பி ஒரு துண்டை எடுத்து ஒரு தரம் வளையுங்கள், அப்புறம் நேராக்கப் பாருங்கள். வளைத்த இடம் நேராகாது, அதற்குப் பக்கத்து இடம்தான் வளைந்து கொடுக்கும். வளைக்கும்போது அந்தக் கோடுகள் ஆயிரமாயிரமாகப் பெருகி, ஒன்றையொன்று சிக்கவைத்து, அந்த இடத்தைக் கடினமாக்கிவிட்டன. சூடுகாட்டி ஆறவிட்ட உலோகத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றரை ஏறத்தாழ பத்து இலட்சம் முதல் பத்துக் கோடி கோடுகள் வரை கடக்கின்றன, அடித்து நசுக்கிய உலோகத்தில் அது ஒரு இலட்சம் கோடி வரை போகும். மடிந்த கத்தி வாயை அடித்து நிமிர்த்தி, மறுபடி மடிந்து, மறுபடி அடித்து நிமிர்த்தினால் ஒரு நாள் அந்த இடம் அப்படியே பெயர்ந்து விழுவதும் இதனால்தான், மேலும் சறுக்க அங்கே இடமில்லை.

மற்ற வழி கொல்லருடைய வழி. கரி, அதாவது காபன், போதுமான அளவு இருக்கும் இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, 800 பாகைக்கு மேல், தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கரி அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்பு அடுக்குகளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடுக்குகள் கோணலாகி, கோடுகளுக்கு ஓட வழியில்லாமல் போகிறது. அப்போது அது மிகக் கடினம், ஆனால் கீழே போட்டால் உடையும். அதனால் மறுபடி 200, 300 பாகைக்கு மெதுவாகச் சூடுகாட்டிக் கொஞ்சம் இளக்குகிறார்கள். கவனிக்க வேண்டியது கரியின் அளவு. நூற்றுக்கு கால் வீதத்துக்கும் குறைவாகக் கரி உள்ள சாதாரணக் கட்டட இரும்பை எத்தனை தரம் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய பதம் ஏறாது. நம் பக்கத்துக் கத்திப் பட்டறைகளில் பழைய லொறியின் வில்லுத் தகட்டைத் தேடி வாங்குவது வீண் பழக்கம் இல்லை, அந்தத் தகட்டில் நூற்றுக்கு அரை வீதத்துக்கு மேல் கரி உண்டு, தோய்ச்சல் பிடிக்கும். மலையில் ஆட்கள் தோட்டத்தில் கொடுத்த கத்தியை வீட்டில் வைத்துவிட்டு, கைக்காசு போட்டு வில்லுத் தகட்டில் கத்தி அடிப்பித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள் என்றால் அதை யாராவது ஒரு தரம் யோசித்துப் பார்க்க வேண்டாமா?

இனி அளக்கும் விஷயம். கடினத்தை அளக்க மிகப் பழைய வழி கீறிப் பார்ப்பது. மோஸ் என்பவர் 1812இல் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார், இரத்தினபுரி நீலக்கல் அதில் ஒன்பதாவது, வைரம் பத்தாவது. கல் வாங்குகிறவருக்கு அது போதும், கத்தி வாங்குகிறவருக்குப் போதாது, ஏனென்றால் எல்லா எஃகும் அந்த வரிசையில் நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உலோகத்துக்குக் கடினம் என்றால் அழுத்தத்துக்கு எவ்வளவு பள்ளம் விழுகிறது என்பதுதான். சுவீடன்காரர் பிரினெல் 1900இல் கொண்டுவந்த முறையில், 10 மில்லிமீற்றர் உருண்டை ஒன்றை 3000 கிலோ சுமையில் அழுத்தி, விழுந்த பள்ளத்தின் அகலத்தை அளக்கிறார்கள். விக்கர்ஸ் முறை 1920களில் வந்தது, அழுத்துவது வைரத்தில் செய்த சின்னக் கூம்பகம், அதன் அடிப்பக்கம் சதுரம். கத்தி மாதிரி மெல்லிய பொருளுக்கு எனக்குப் பிடித்தது அதுதான். 10 கிலோ சுமையை வைத்தால் சாதாரண மெல்லிரும்பில் விழும் சின்னச் சதுரப் பள்ளத்தின் மூலைக்கு மூலை ஏறத்தாழ 0.35 மில்லிமீற்றர் இருக்கும், உற்றுப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும். நன்றாகப் பதம் ஏற்றிய கத்தியில் அதே சுமைக்கு அதில் பாதிதான் விழும். பள்ளம் பாதியானால் கடினம் நாலு மடங்கு, விக்கர்ஸ் எண் 150க்குப் பதில் 600. இரண்டு பள்ளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும், வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

பட்டறைகளில் அதிகம் புழங்குவது றொக்வெல். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஹியூ றொக்வெல், ஸ்டான்லி றொக்வெல் என்ற இருவர் பேரிங் வளையங்களைச் சட்டென்று சோதிப்பதற்காக 1914இல் உரிமம் கேட்டு விண்ணப்பித்த முறை. கடின எஃகுக்கு வைரக் கூம்பை முதலில் 10 கிலோ சுமையில் பதியவைத்து, பிறகு 150 கிலோவுக்கு ஏற்றி, மறுபடி 10க்கு இறக்கி, கூடுதலாக எவ்வளவு ஆழம் போனது என்று பார்க்கிறார்கள். ஆழத்தில் ஒரு மில்லிமீற்றரை ஐந்நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ அதுதான் ஒரு எண், ஆழம் போன எண்களை நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது கடினம். 55 காட்டும் கத்தியில் 0.09 மில்லிமீற்றர், 30 காட்டும் கத்தியில் 0.14. வித்தியாசம் ஒரு தலைமயிர் அளவுதான், ஆனால் அந்த மயிரளவில்தான் வாய் நிற்கிறதா மடிகிறதா என்பது தங்கியிருக்கிறது. பிற்பாடு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டேவிட் டேபர் காட்டியபடி, இப்படி அழுத்தி அளக்கும் கடினம், உலோகம் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கத் தொடங்கும் தகைப்பைப்போல் (ஒரு சதுர அளவு பரப்பில் விழும் விசை) சுமார் மூன்று மடங்கு. அதாவது சின்னப் பள்ளம் ஒன்றைப் பார்த்தே, வாய் எவ்வளவு விசைக்கு மடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கவ்வாத்து முடியும்வரை காத்திருந்து தொழிலாளியின் கையைக் குறை சொல்லத் தேவையில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் எண் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நீலக்கல் எஃகைக் கீறும், ஆனால் ஓங்கி ஒரு அடி அடித்தால் சிதறிவிடும். அரத்தின் கடினம் றொக்வெல் எண்ணில் 60க்கு மேல், அதனால்தான் அரத்தை வளைத்தால் முறிகிறது. தேயிலை வாது இறுகிய மரம், அடியில் கல்லும் படும். அந்தக் கடினத்தில் கவ்வாத்துக் கத்தி செய்தால் முதல் நாளே வாயில் பல் விழும். என் அனுபவத்தில் வாய் 50க்கும் 56க்கும் நடுவில், முதுகு அதைவிடக் கொஞ்சம் மென்மையாக இருந்தால் அந்தக் கத்தி மலையில் நிற்கும். இந்த எண்ணை விவாதிக்கலாம், வேறு பட்டறைக்காரர்கள் வேறு சொல்லலாம், சொல்லட்டும். எண்ணே இல்லாமல் "நல்ல தரமான எஃகு" என்று மட்டும் எழுதி ஆயிரக்கணக்கில் கத்தி வாங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எங்களிடம் வந்த புதுக் கத்திகளை அரம் வைத்துச் சோதித்தோம். கடினம் பார்ப்பதற்கென்றே 40, 45, 50, 55, 60, 65 என்று எண் குறித்த ஆறு அரங்கள் கொண்ட தொகுதி விற்கிறது. எந்த அரம் கடிக்கிறது, எந்த அரம் வழுக்குகிறது என்று பார்த்தால் கத்தியின் கடினம் எந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் என்று தெரிந்துவிடும். மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், கத்தியை வெட்டி நாசமாக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், உலையில் காயும்போது மேல் தோலில் கரி எரிந்துபோயிருக்கும், அதனால் வாய்ப்பக்கம் ஒரு சிறு இடத்தை நன்றாகத் தீட்டிவிட்டுத்தான் அரம் வைக்க வேண்டும். நாங்கள் தீட்டிவிட்டே வைத்தோம். 40 எண் அரமே வெண்ணெயைப் போல் வழித்துக்கொண்டு போனது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் காலையிலிருந்து மாலைவரை வாது வெட்ட வேண்டும், நாலு செடிக்கு ஒரு தரம் நின்று அரம் போட வேண்டும், கொடுத்த அளவு முடியாவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். வாசகர் "எந்நேரமும் அரம் போட்டுத் தேய்க்கிறார்கள்" என்று எழுதியது உண்மைதான், ஏன் போடுகிறார்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

செடிக்கும் கேடு. மழுங்கிய கத்தி வாதைச் சீவாது, நசுக்கும், பட்டையைக் கிழிக்கும். சாய்வாக ஒரே வெட்டில் விழ வேண்டிய இடத்தில் பிளவு விழுந்து, தண்ணீர் தங்கி, பூஞ்சணம் ஏறி மரம் உள்ளே உக்கிப்போகும். கவ்வாத்து சில வருடத்துக்கு ஒரு முறைதான், கெட்ட வெட்டு அடுத்த கவ்வாத்துவரை செடியோடு இருக்கும். கத்தியில் மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போடட்டும்.

தொழிலாளர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், இது குறையாக அல்ல, யாரும் சொல்லிக் கொடுக்காத விஷயம். நல்ல கத்தியை மோட்டர் சாணையில் தண்ணீர் தொடாமல் தீட்டாதீர்கள். வாய் முதலில் வைக்கோல் நிறமாகி, அப்புறம் நீலம் பாய்ந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 பாகையைத் தொட்டுவிட்டது, கொல்லர் ஏற்றிய பதம் அங்கே இறங்கிவிட்டது. நீலம் பட்ட பகுதியை முழுவதும் தீட்டி எடுத்தால்தான் பழைய வாய் கிடைக்கும். அடிக்கடி தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தீட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவயில், மலைச்சரிவின் மேற்குப் பார்த்த முகடுகளில், தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய உலைகளை ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் கண்டெடுத்து, அதே மாதிரி உலை கட்டி உருக்கியும் காட்டினார். 1996இல் நேச்சர் ஆய்விதழில் அது வெளிவந்தது. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டுவரை அங்கே வேலை நடந்திருக்கிறது, அந்தக் காற்றுலையில் கரி கூடிய எஃகே கிடைக்கிறது. இந்த மலைக்காற்றில் நல்ல எஃகு பிறந்திருக்கும்போது, இதே மலையில் உழைக்கிறவன் கையில் தோய்ச்சல் பிடிக்காத தகட்டைக் கொடுப்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. கம்பனிகள் கத்திக்கு விலை கோரும்போது கரியின் அளவையும் வாயின் கடின எண்ணையும் எழுத்தில் கேட்க வேண்டும். கத்தி வந்து இறங்கும் நாளில், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சிலவற்றை எடுத்து, தோட்டத்து ஃபிட்டரும் தொழிற்சங்கத் தலைவரும் பக்கத்தில் நிற்க, அந்த அரங்களை வைத்துப் பார்க்க வேண்டும். எண் குறைந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அரத் தொகுதி ஒன்று ஒரு தோட்டத்துக்குப் போதும், ஸ்டோரில் பூட்டி வைக்காமல் ஃபிட்டரிடம் இருக்கட்டும். எப்படிப் பிடிப்பது, எப்படித் தீட்டிவிட்டு வைப்பது என்று தெரியாத ஃபிட்டர்களை எங்கள் பட்டறைக்கு அனுப்பினால் காசு வாங்காமல் காட்டிக் கொடுப்போம். உங்கள் பத்திரிகை, ஐயா, கம்பனிகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதிலை வெளியிட வேண்டும்: இந்த வருடம் வாங்கிய கவ்வாத்துக் கத்தியின் கடினம் எவ்வளவு, அதை யார் அளந்தார்கள்?

இப்படிக்கு,
உலோக வேலைப் பயிற்றுநர் ஒருவர்,
ஹட்டன்.